திறந்த அலமாரி

நுழையும்முன்

நூலகம் என்றதும் நூல்கள் நினைவுக்கு வருகின்றன. அந்நூல்களை நாள்தோறும் ஒழுங்குசெய்து, உரியவர் கையில் சேர்க்கும் நூலகர் நினைவுக்கு வருவது அரிது. நூலகரின் பணி நூல்களைக் காப்பதா, கொடுப்பதா? இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படும் நேரத்தில் எதற்கு முதலிடம்? பள்ளி நூலகப் பணியைப் பயிலத் தொடங்கும் ஒவ்வொருவரும் சந்திக்கும் இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இவ்வுரைநடைப் பகுதி.

கணித ஆசிரியர் பயின்ற புதிய தொழில்

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதன் (1892 – 1972) தொடக்கத்தில் நூலகர் அல்லர், கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவர், 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். மாணவர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு, வாசகர் வராத நூலகத்தின் அமைதி தாங்க முடியாததாக இருந்தது. சில நாள்களிலேயே கல்லூரிக்குத் திரும்பிவிட விரும்பினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெறட்டும், அதன் பின்னரும் இப்பணி பிடிக்கவில்லையென்றால் ஆசிரியப் பணிக்குத் திரும்பலாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சிபெறச் சென்ற அவருக்கு வழிகாட்டியவர், குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரான பெர்விக் சேயர்ஸ். அங்கே அரங்கநாதன் நூலகப் பணியின் ஒவ்வொரு கூறையும் நேரில் கண்டார். பல ஊர்களின் நூலகங்களுக்கும் சென்று, அவை எவ்வாறு நடக்கின்றன என்று கூர்ந்து நோக்கினார். சிறுவர்க்கெனத் தனிப்பகுதி இருப்பதையும், தொழிலாளரும் பெண்களும் இயல்பாக வந்து நூல் எடுத்துச் செல்வதையும் கண்டபோது, நூலகம் ஊரின் உயிர்ப்புள்ள ஓர் உறுப்பு என்பது அவருக்கு விளங்கியது. கடை ஒன்றில், ஒரு சில துண்டுகளை வெவ்வேறு வகையில் இணைத்துப் பல பொம்மைகளை உருவாக்கும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். பாடப்பொருள்களையும் அவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்குள் எழுந்தது. பின்னாளில் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு அதுவே வித்து.

1925இல் சென்னை திரும்பியவர் மீண்டும் கணிதத்தை நாடவில்லை. நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். 1929இல் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கானவை என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு. வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் ஓர் உயிரியைப் போல வளர்வது என்பன ஏனைய நான்கு.

கேட்பதற்கு எளிய இவ்விதிகள், பள்ளி நூலகத்தின் ஒருநாள் பணியில் எவ்வாறு செயல்வடிவம் பெறுகின்றன என்பதைக் கற்பதே பயிற்சி.

புதுநூலின் முதல் பயணம்

பள்ளிக்கு ஒரு கட்டு நூல்கள் வந்து இறங்குகின்றன. அவற்றை உடனே அடுக்கில் வைத்துவிட முடியாது. அனுப்பப்பட்ட பட்டியலோடு நூல்கள் ஒத்துள்ளனவா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பக்கம் விடுபட்டவை, தலைகீழாகத் தைக்கப்பட்டவை, அச்சுப் படியாதவை ஆகியவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

அடுத்து, புதுநூலைத் திறக்கும் முறை. தடித்த நூலை நடுவில் ஒரேயடியாக விரித்தால் முதுகு உடைந்து தாள்கள் கழலும். மேசைமீது நூலின் முதுகைப் பதியவைத்து, முன்புறம் சில தாள்கள், பின்புறம் சில தாள்கள் என மாறிமாறி விரித்து, மெல்ல அழுத்திக்கொண்டே நடுப்பகுதியை அடைய வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் இவ்வேலை, அந்நூலின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டிக்கும்.

பின்னர் நூல் சேர்க்கைப் பதிவேட்டில் இடம்பெறுகிறது. வந்த நாள், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கம், விலை ஆகியவற்றோடு ஒரு வரிசை எண்ணும் அதற்கு வழங்கப்படுகிறது. ஒரே நூலின் ஐந்து படிகள் வந்தால் ஐந்து எண்கள். ஒருமுறை வழங்கிய எண் வேறொரு நூலுக்கு வழங்கப்படுவதில்லை. தலைப்புப் பக்கத்திலும், நூலகம் தனக்கெனத் தேர்ந்தெடுத்த ஓர் உட்பக்கத்திலும் பள்ளியின் முத்திரை இடப்படுகிறது. எழுத்தையோ படத்தையோ முத்திரை மறைக்கக்கூடாது. முதுகில் எண் ஒட்டப்படுகிறது. பின்னட்டையின் உட்புறத்தில், நூல் திரும்ப வேண்டிய நாளைக் குறிக்கும் நாள்தாள் ஒட்டப்படுகிறது.

பயிற்சி பெறுவோர் பலருக்கு இவ்வேலைகள் தொடக்கத்தில் சலிப்பூட்டும். ஆயினும், இவற்றுள் ஒன்று தவறினாலும் பின்னர் யாரோ ஒரு மாணவர் தாம் தேடிய நூல் கிடைக்காமல் திரும்புவார்.

எண்ணுக்குள் இருக்கும் ஊர்

நூலின் முதுகில் ஒட்டப்படும் எண், அது எப்பொருள் பற்றியது என்பதைச் சொல்லும் முகவரி. அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்துப் பெரும்பிரிவுகளாக வகுக்கிறது. தமிழ்மொழி பற்றிய நூல்களுக்கு 494.811, தமிழ் இலக்கியத்திற்கு 894.811. இவ்வெண்ணைத் தருவதில் உள்ள அருமையையும் சிக்கலையும் ஓர் ஊரை முன்வைத்துக் காணலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் அமைந்துள்ளது தேர்வாய் கண்டிகை. ஒருபுறம் சிப்காட் தொழிற்பூங்கா. மறுபுறம், கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஆகிய ஊர்களின் ஏரிகளை இணைத்து உருவாக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கம். 500 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள இது சென்னையின் குடிநீருக்காக அமைக்கப்பட்டது. இத்தகைய ஊரின் பள்ளி நூலகத்திற்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, “எங்கள் ஏரியைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்பதாகக் கொள்வோம்.

அவள் கேட்டது ஒரே பொருள். நூலடுக்கிலோ அப்பொருள் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அணையும் நீர்த்தேக்கமும் கட்டும் முறை பொறியியலைச் சேர்ந்ததாதலால் 627.8இல் இருக்கும். நகரத்திற்குக் குடிநீர் வழங்குதல் 628.1இல் இருக்கும். நிலமும் நீரும் யாருக்கு, எவ்வாறு பயன்படுகின்றன என்பது பொருளியல் சார்ந்தது. அது 333இல் இருக்கும். தமிழகத்தில் ஏரிப்பாசனம் வளர்ந்த வரலாறு 954.82இல் இருக்கும். ஏரிக்கரை வாழ்வைச் சொல்லும் கதை 894.811இல் இருக்கும்.

எண்களை மட்டுமே அறிந்தவர், “ஏரி என்ற தலைப்பில் நூல் இல்லை” என்று கூறி அனுப்பிவிடுவார். பணியை அறிந்தவரோ, “கட்டுரை எழுதவா அம்மா, தெரிந்துகொள்ளவா? ஏரி எப்படிக் கட்டப்பட்டது என்று வேண்டுமா, அதன் தண்ணீர் எங்கே போகிறது என்று வேண்டுமா?” என்று கேட்பார். இரண்டு வினாக்களிலேயே மாணவியின் தேவை தெளிவாகிவிடும். அதன்பின் ‘ஏரி’ என்னும் சொல்லின்கீழ் இவ்வெண்கள் அனைத்தையும் குறித்து ஓர் அட்டை எழுதிவைப்பார். அடுத்து வரும் மாணவருக்குத் தேடல் எளிதாகும். வாசகரின் காலம் வீணாகலாகாது என்னும் விதி அந்த ஓர் அட்டையில் நிறைவேறுகிறது.

சொந்த ஊரைப் பற்றித் தனிநூல் கிடைக்காத இடங்களில், நாளிதழ்ச் செய்திகளை வெட்டி நாளிட்டு ஒட்டிய கோப்பு, ஊர்ப் படம், முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு நூலகரே ஒரு தொகுப்பை உருவாக்கலாம். வேகமாக மாறிவரும் தொழிற்பகுதியில், வயலும் மேய்ச்சல் நிலமும் இருந்த இடங்களை நினைவில் வைத்திருப்போர் குறைந்துகொண்டே வருவர். எனவே, இத்தொகுப்பு பள்ளிப்பாடத்திற்கு மட்டுமன்றி ஊருக்கும் உதவும்.

பெயர்களின் வரிசை

நூற்பட்டியல் எழுதுவது மற்றொரு பயிற்சி. தமிழ்ப் பெயர்களின் முன்னெழுத்துகளைக் கொண்டு அடுக்கினால் குழப்பமே மிஞ்சும். உ. வே. சாமிநாதையரின் நூல்களை ‘உ’ வரிசையில் சிலரும், ‘சா’ வரிசையில் சிலரும் தேடுவர். ஆகவே, ‘சாமிநாதையர், உ. வே.’ என்று இயற்பெயரை முன்னிறுத்தி எழுதுவது வழக்கம்.

புனைபெயர்கள் இன்னும் கவனத்தைக் கோருபவை. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே, கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவரே. ஒரு பெயரின்கீழ் நூல்களையெல்லாம் சேர்த்துவிட்டு, மற்றொரு பெயரின்கீழ் ‘அங்கே காண்க’ என்று வழிகாட்டும் அட்டையை வைக்க வேண்டும். நூற்பட்டியல் கணினிக்கு மாறினாலும் இந்த அறிவு தேவை. கணினி, தனக்குச் சொல்லப்பட்ட தொடர்பை மட்டுமே அறியும்.

இடம் மாறிய நூல், இல்லாத நூல்

காலையில் நூலகத்தைத் திறந்ததும் நாளிதழ்களை அடுக்குதல், முந்தைய நாள் திரும்பிய நூல்களை உரிய இடத்தில் வைத்தல், அடுக்குகளை வாசித்தல் ஆகியன முதற்கடமைகள். அடுக்கை வாசித்தல் என்பது, தட்டில் உள்ள நூல்களின் எண்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்வது. 627இல் இருக்க வேண்டிய நூல் 267இல் இருந்தால், அது நூலகத்திற்குள்ளேயே இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. நாளொன்றுக்குச் சில தட்டுகள் என்று முறை வைத்துக்கொண்டால், ஒரு மாதத்திற்குள் சிறிய நூலகம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடலாம்.

பாடவேளை தொடங்கியதும் வகுப்பு வாரியாக மாணவர் வருவர். நூல் கொடுத்தல், வாங்குதல், நாள் குறித்தல், கிழிந்த தாளை ஒட்டுதல் என வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கிழிசலுக்கு ஒளிபுகும் பசைநாடாவை ஒட்டுவது எளிது; ஆனால் சில ஆண்டுகளில் அது மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மாவுப்பசையுமே நல்லவை. நண்பகல் இடைவேளையில் கூட்டம் மிகும். அப்போது பேச்சொலியைக் கண்டு சினம்கொள்வதைவிட, கூடியிருப்போர் யாவரும் படிக்க வந்தவர்கள் என்பதை நினைவில் கொள்வது பயன்தரும்.

இழப்பு அச்சம்

பயிற்சியின் கடினமான பாடம் இனிமேல்தான் தொடங்குகிறது. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். பதிவேட்டில் உள்ள எண்களும் அலமாரியில் உள்ள நூல்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பர். குறைந்தால் பொறுப்பாளர் விளக்கம் தர வேண்டும். சிலவேளை விலையையும் கட்ட நேரிடும். பல பள்ளிகளில், பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரே நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவருடைய அச்சம் நியாயமற்றதன்று. அந்த அச்சம் முற்றும்போது அலமாரியில் பூட்டு ஏறுகிறது. சரிபார்ப்பு நாளில் எண் பிசகாது. நூல்களோ அச்சகத்திலிருந்து வந்த மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இச்சிக்கலை அரசு விதிகளும் உணர்ந்துள்ளன. மைய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி, நூலக இருப்புச் சரிபார்ப்பைப் பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்று கூறும் அவ்விதி, இழப்புக்கும் ஓர் அளவு தருகிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஒவ்வோர் 1,000 நூலுக்கும் 5 நூல் இழப்பு இயல்பானதாகக் கொள்ளப்படலாம்; ஆனால் அவ்விழப்பு நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருத்தல் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்கப்பட வேண்டும்.

இவ்விதி மைய அரசு அலுவலகங்களுக்கானது. எனினும் அதன் அடிப்படை எல்லா நூலகர்க்கும் பாடமாகும். இழப்பின் அளவு, நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என்பதைக் கொண்டு கணக்கிடப்படவில்லை. எத்தனை முறை நூல்கள் வாசகர் கைக்குச் சென்றன என்பதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 20 நூல் வீதம் 200 வேலைநாள்களுக்கு வழங்கும் ஒரு நூலகம், ஆண்டில் 4,000 முறை நூல் கொடுக்கிறது. அவ்வளவில் 20 நூல்களின் இழப்பு இயல்பாகக் கருதப்படலாம். ஒரு நூலும் கொடுக்காத நூலகத்திற்கு அச்சலுகை சிறிதும் இல்லை. நூலை வழங்கியவருக்கே விதி துணைநிற்கிறது.

ஆகவே, பயிற்சி பெறுபவர் கற்க வேண்டியது இழப்பைத் தடுப்பதற்காகக் கொடுப்பதை நிறுத்துவதன்று. கொடுத்ததை ஒழுங்காகப் பதிவுசெய்வது. யார், எந்நாள், எந்நூலை எடுத்தார் என்ற குறிப்பு பிழையின்றி இருந்தால், பெரும்பாலான நூல்கள் ஒரு நினைவூட்டலிலேயே திரும்பிவிடும். நூல் வழங்கும் பதிவேடு நேர்மையாக எழுதப்பட்டிருந்தால், சரிபார்ப்பு நாளில் அதுவே நூலகரின் சான்று. தொலைத்த மாணவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், ஒரு நூலோடு ஒரு வாசகரையும் நூலகம் இழக்கும்.

வாசகரை அறிதல்

கும்மிடிப்பூண்டிப் பகுதி தமிழகத்தின் வட எல்லையில் உள்ளது. அங்கே தமிழோடு தெலுங்கும் வீட்டுமொழியாகப் புழங்குகிறது. தொழிற்சாலைகளை நாடி வேறு மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் உள்ளன. அப்பகுதிப் பள்ளியின் வாசகர்களுள், வீட்டில் பேசாத மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவரும் இருக்கக்கூடும். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்னும் விதி, அச்சிறுவருக்கும் பொருந்த வேண்டும். படம் மிகுந்த சிறுநூலிலிருந்து அவரைத் தொடங்கவைக்கலாம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலைப்படுத்தப்பட்டிருப்பது இத்தேவையை எண்ணியே. வயதில் மூத்த மாணவருக்கு எளிய நூலைத் தரும்போது, அது பிறர் கண்ணில் அவருக்கு இழுக்காகாதவாறு தருவதும் நூலகரின் பண்பாடு.

நூலுக்கும் வாசகர் தேவை. நெடுநாள் எவரும் தொடாத நூல்களைக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, மேசைமீது முகப்பு தெரியும்படி வாரம் ஐந்தாக வைத்தால், அவற்றுள் சில தம் வாசகரைக் கண்டடையும்.

தெரிந்து தெளிவோம்

1931ஆம் ஆண்டு அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் தொடங்கப்பட்டது. அதனை உருவாக்கியவர் கனகசபைப் பிள்ளை. நூலகத்திற்கு வர இயலாத சிற்றூர் மக்களிடம் நூல்களை வண்டி கொண்டுசேர்த்தது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அரங்கநாதனின் நினைவாக ஆகஸ்டு 12, இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பணியின் அளவுகோல்

பள்ளி நூலகப் பணியில் பெரிய நிகழ்ச்சிகள் அரிது. முத்திரை இடுதல், எண் ஒட்டுதல், அடுக்கை வாசித்தல், நாள் குறித்தல், ஒரு வினாவுக்கு மறுவினா கேட்டுத் தேவையை அறிதல் என அன்றாடச் சிறுசெயல்களே அப்பணி. அவற்றைச் செய்யும் கைக்கு, அவை யாருக்காகச் செய்யப்படுகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவரிடம் பதிவேடு வாசகருக்கு வழிகாட்டும். தெரியாதவரிடம் அதே பதிவேடு அலமாரிக்குப் பூட்டாகிவிடும்.

பல கைகள் பட்டு ஓரம் மழுங்கிய நூலை நூலகத்தின் குறையாக எண்ணுவது தவறு. அது செப்பனிடப்பட வேண்டிய நூல்; செப்பனிட முடியாதபோது முறைப்படி நீக்கப்பட்டு, புதியபடி வாங்கப்பட வேண்டிய நூல். ஆண்டிறுதியில் ஒரு நூலகத்தை மதிப்பிட விரும்புவோர், சேர்க்கைப் பதிவேட்டின் கடைசி எண்ணோடு நின்றுவிடாமல், நூல்களின் பின்னட்டையைத் திறந்து நாள்தாளையும் பார்க்க வேண்டும். அங்கே வரிசையாகப் பதிந்திருக்கும் நாள்களே நூலகரின் ஓராண்டு உழைப்பைச் சொல்லும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்தில் ஏதேனும் பத்து நூல்களின் நாள்தாள்களைப் பார்த்து, மிகுதியாக எடுக்கப்பட்ட நூல், ஒருமுறையும் எடுக்கப்படாத நூல் ஆகியவற்றைக் கண்டறிந்து, காரணங்களை வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைப் பற்றிய செய்திகள் நூலகத்தின் எந்தெந்தப் பிரிவுகளில் கிடைக்கும் எனப் பட்டியலிட்டு, ‘ஏரி’ அல்லது ‘குளம்’ என்னும் தலைப்பில் வழிகாட்டும் அட்டை ஒன்றை உருவாக்குக.

3. ‘நூலைக் காத்தலா, நூலைக் கொடுத்தலா? பள்ளி நூலகத்தின் முதற்கடமை எது?’ என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.